களப்பின் வாசல் யாருக்குத் திறக்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

புத்தளம் களப்பைப் பற்றி யாராவது எழுதினால் கீழே வரும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு சாரார், "தங்கூசி வலை போடுகிறவனையும் கண்டல் வெட்டுகிறவனையும் பிடித்து உள்ளே போடுங்கள்" என்பார்கள். மற்றச் சாரார், "பாவம், வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அவன் எங்கே போவான்" என்பார்கள். சண்டை பிடித்துக்கொண்டாலும் ஒரு விடயத்தில் இருவருக்கும் ஒரே எண்ணம்தான்: களப்பைக் கெடுப்பவன் ஏழை. ஒருவர் தண்டிக்கச் சொல்கிறார், மற்றவர் மன்னிக்கச் சொல்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த எண்ணமே பிழை என்பது என் கருத்து. நமது மாவட்டத்தின் பொதுக் காணியும் பொது நீரும் கெட்ட வரலாற்றை எடுத்துப் பாருங்கள். ஏழைக்கு வாசலைத் திறந்து வைத்ததால் கெட்டவை மிகச் சில. பெரியவர்களுக்குத் திறந்து வைத்ததால் கெட்டவைதான் அதிகம். பெரியவர் வந்து எடுத்துக்கொண்டு போன பிறகு, "பாதுகாக்க வேண்டும்" என்று வாசலை மூடுவார்கள். அப்போது வெளியே நிற்பவன் ஏழை.

முதலில் இறாலைப் பற்றிப் பேசுவோம்.

1980களில் இறால் பண்ணை நம் கரைக்கு வந்தது. சிலாபம், முந்தல், ஒல்லாந்தர் கால்வாயின் இரு மருங்கு, புத்தளம் களப்பின் ஓரம் என்று குளம் குளமாக வெட்டினார்கள். அரச காணியைக் குத்தகைக்கு எடுத்தவர்களும் இருந்தார்கள், ஒரு துண்டு அனுமதிப்பத்திரமும் இல்லாமல் வெட்டியவர்களும் இருந்தார்கள். வெட்டப்பட்ட இடங்களில் கண்டல் காடு இருந்தது, சேற்று வெளி இருந்தது, உப்புத்தரை இருந்தது. "சும்மா கிடக்கும் காணி" என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட பெயர். ஆனால் அந்தக் காணி சும்மா கிடக்கவில்லை. இறால் குஞ்சும் நண்டும் வளர்ந்த இடம் அது. பெண்கள் மட்டியும் விறகும் எடுத்த இடம். ஆடுமாடு மேய்ந்த இடம். எவருடைய பெயரிலும் உறுதி இல்லாததால் அது எவருக்கும் உரியதல்ல என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். ஒரு பண்ணை வெளியேற்றும் தண்ணீரை அடுத்த பண்ணை உள்ளே எடுக்கும். ஒரே கால்வாய், ஒரே களப்பு. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியது. 1998 இல் மீண்டும் வந்தது. குளங்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. முதலீடு செய்தவர்களில் பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். கடன்பட்டு ஓரிரு குளம் வெட்டிய உள்ளூர்ச் சிறியவர்கள் கடனோடு நின்றார்கள். கண்டல் மண்ணை வெட்டிக் காயவிட்டால் அது புளித்து அமிலமாகும். அதில் நெல்லும் விளையாது, தென்னையும் வராது. வரம்பு உயர்ந்து நிற்பதால் கடல் நீர் ஏறி இறங்க வழியில்லை, கண்டலும் தானாக முளைக்காது. சிலாபத்திலிருந்து புத்தளம் வரும் வழியில் இன்றும் பார்க்கலாம், சதுரம் சதுரமாக வெறும் பள்ளங்கள். 

அதே 1996 இல் பாக்கு நீரிணைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உப்பாகிறது என்று காந்தியவாதியான ஜெகந்நாதன் ஐயா வழக்குப் போட்டார். 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் கடற்கரையின் 500 மீற்றர் ஒழுங்குமுறை வலயத்துக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்றும், பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2005 இல் இந்தியப் பாராளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு மீண்டும் வழி திறந்துகொடுத்தது வேறு கதை. ஆனால் அங்கே ஒரு கேள்வி நீதிமன்றம் வரை போனது: பொதுவான கரையைக் கெடுத்தவர் யார், அதற்கு விலை கொடுக்க வேண்டியவர் யார்? நம் பக்கம் அந்தக் கேள்விக்கு நோய் பதில் சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நாம் பேசாமல் இருந்துவிட்டோம்.

இறாலோடு முடியவில்லை. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்றபோது நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் வந்தது. 2011 இல் முதல் கட்டம், 2014 இல் முழுமை, மொத்தம் 900 மெகாவோற். நாடு முழுக்க வெளிச்சம், நமக்கு மேலதிகமாகச் சாம்பல். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்ட உயிர்கள் போனதும் கொழும்பின் குப்பைக்கு இடம் தேடினார்கள். ஏற்கனவே சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய அறுவைக்காடு கிடைத்தது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் வில்பத்து. 2018 இல் நம் மக்கள் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்று எல்லோரும் கறுப்புப் பட்டி கட்டினார்கள். 2019 ஓகஸ்ட்டில் லொறிகள் வந்தன. கற்பிட்டித் தீவுகளைச் சுற்றுலாவுக்கு ஒதுக்கியபோது வாடி அடித்து மீன் காயவைத்தவர்களும் கரைவலைப் பாடு வைத்திருந்தவர்களும் தங்கள் கரையிலேயே அனுமதி கேட்கும் நிலைக்கு வந்தார்கள்.

இனி மூடப்பட்ட வாசலைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினருக்கு இடம் கொடுத்தது இந்த மாவட்டம். தண்ணீர், பாடசாலை, களப்பு எல்லாவற்றையும் பங்கு போட்டோம். அதில் மனக்கசப்பும் வந்தது, மறைக்கத் தேவையில்லை. யுத்தம் முடிந்து முசலிப் பக்கம் திரும்பிப் போனவர்கள் கண்டது என்ன? இருபது வருடத்தில் காடு வளர்ந்திருந்தது. 2012 இல் அதன் பெரும் பரப்பு வர்த்தமானி மூலம் வன ஒதுக்காகியிருந்தது. 2017 மார்ச்சில் அது மாவில்லு பேணற்காடு ஆனது. ஒதுக்குக்குள் காடு வெட்டிக் குடியேற்றியது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. காடு வேண்டும், சட்டமும் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அதே மன்னாரில் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 இல் பிரகடனம் செய்தார்கள். கண்டல், கடற்புல், சேற்று வெளி என 29,000 ஹெக்டேயருக்கு மேல். 2024 மே மாதம் இன்னொரு வர்த்தமானி வந்தது. நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக 168 ஹெக்டேயரை ஒதுக்கத்திலிருந்து விடுவித்தார்கள். சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வர்த்தமானி என்பது கல்லில் எழுதியது, மாற்றவே முடியாது என்று திரும்பி வந்த அகதிக்குச் சொன்னோம். முதலீட்டுக்கு அதே வர்த்தமானி பென்சிலில் எழுதியதாகிவிட்டது. 

இந்த இடத்தில்தான் எனக்கு உமர் (ரழி) அவர்களின் நினைவு வருகிறது.

இஸ்லாமிய வரலாற்றில் "ஹிமா" என்று ஓர் ஏற்பாடு உண்டு. பொது நன்மைக்காக ஒரு நிலத்தை ஒதுக்கி, மேய்ச்சலையும் வெட்டுவதையும் கட்டுப்படுத்திப் பாதுகாப்பது. நபி (ஸல்) அவர்களே மதீனாவுக்கு அருகில் அப்படி ஓர் இடத்தை ஒதுக்கினார்கள். உமர் (ரழி) தமது ஆட்சியில் ஹிமாவுக்குக் காவலராக ஹுனை என்பவரை நியமித்தார். விடுதலை செய்யப்பட்ட அடிமை அவர். அவருக்கு உமர் (ரழி) சொன்ன அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்.

கொஞ்ச ஒட்டகமும் கொஞ்ச ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே. அவர்களின் கால்நடை செத்தால் அவர்களுக்குத் திரும்பிப் போக ஈச்சந் தோட்டமும் விவசாயமும் இருக்கின்றன. சிறியவனின் கால்நடை செத்தால் அவன் பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருவான். நான் அவர்களைக் கைவிட முடியுமா? அவனுக்குப் பைத்துல்மாலில் இருந்து தங்கமும் வெள்ளியும் கொடுப்பதைவிடத் தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு இலேசு.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி), உஸ்மான் (ரழி) இருவரும் சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்டவர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று தடுக்கவில்லை. நட்டத்தைத் தாங்கும் சக்தி அவர்களிடம் இருந்தது, அதனால் தடுத்தார். செல்வந்தரை வெறுக்காமலே இப்படி ஒரு சட்டம் போடலாம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நிலத்து மக்கள், தமக்கு அநியாயம் நடந்துவிட்டதாக நினைப்பார்கள், அது அவர்களின் நிலம்தானே என்றும் உமர் (ரழி) அங்கேயே ஒப்புக்கொள்கிறார். பொது நன்மைக்காக வேலி போடும் ஆட்சியாளர், வேலிக்கு வெளியே நிற்பவனின் மனக்குறை நியாயமானது என்று சொல்கிறார். நமது எந்தத் திணைக்களத்தின் எந்த அறிவித்தலில் அப்படி ஒரு வரி உண்டு?

அவர் சொன்னதில் ஒரு பொருளாதாரக் கணக்கும் இருக்கிறது. 2022 ஐ நினைத்துப் பாருங்கள். நாடு வங்குரோத்து. எரிவாயுவுக்கு வரிசை. சிறிய இயந்திரத் தோணிகள் ஓடுவது மண்ணெண்ணெயில். அது கிடைக்கவில்லை. அந்த ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. கடலுக்குப் போக முடியாதவர்கள் களப்புக்குள் இறங்கினார்கள். எரிவாயு இல்லாத வீடுகளுக்கு விறகு கண்டலில் இருந்தும் வந்தது. வகுப்பில் வருகைப் பதிவேடு வைத்திருக்கும் எனக்கு, கடலில் தொழில் இல்லாத வாரம் எது என்று அந்தப் பதிவேடே சொல்லும். வாப்பாவோடு வலை இழுக்கப் போன பிள்ளை சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதும் வரமாட்டான். அந்த வீட்டுக்கு அரசு இப்போது அஸ்வெசும கொடுக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு களப்பு எந்த விண்ணப்பப் படிவமும் இல்லாமல் நாளாந்தம் கொடுத்த அஸ்வெசும எவ்வளவு என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? களப்பைக் கெடுத்துவிட்டுத் திறைசேரியில் இருந்து உதவிப்பணம் கொடுப்பது, புல்லை அழித்துவிட்டுத் தங்கம் கொடுப்பதுதான். அதுவும் தங்கம் இல்லாத நாட்டில்.

"ஏழையைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் அவனும் அழிப்பான்" என்று சிலர் சொல்வீர்கள். உண்மை. தடைசெய்யப்பட்ட வலை நம் ஊர்த் தோணிகளிலும் இருக்கிறது, குஞ்சு இறாலை வாரி எடுப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஹிமா திறந்த வெளி இல்லை. அங்கே ஒரு ஹுனை இருந்தார். சிறியவனுக்கு அனுமதி, அனுமதிக்கு ஓர் ஒழுங்கு, ஒழுங்குக்கு ஒரு காவல். அந்தக் காவலை ஊர்க்காரரிடமே கொடுத்தால் வேலை செய்யும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச அமைப்பு 2015 இல் தொடங்கிய கண்டல் பாதுகாப்புத் திட்டத்தின் அடிப்படையே அதுதான். கரையோரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறு கடனும், பதிலுக்கு அவர்கள் தங்கள் ஊர்க் கண்டலைக் காப்பது.

"மரம் நடுகிறோமே, போதாதா?" என்று இன்னும் சிலர் கேட்பீர்கள். சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் கண்டல் நட்டார்கள், படம் பிடித்தார்கள். 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று, நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் 200 முதல் 220 வரைதான் பிழைத்திருப்பதாகக் கண்டது. 9 இடங்களில் ஒரு மரமும் மிஞ்சவில்லை. தவறான இடம், தவறான இனம், நட்ட பிறகு கவனிப்பு இல்லை. நீர் எங்கே எவ்வளவு நேரம் ஏறி நிற்கும் என்பது அந்தக் கரையில் வாழ்பவனுக்குத் தெரியும், ஆனால் அவனிடம் யாரும் கேட்கவில்லை. மாறாக ஆனைவிழுந்தான் சரணாலயத்தில், கைவிடப்பட்ட இறால் குளங்களுக்குள் மீண்டும் கடல் நீர் ஏறி இறங்க வழி செய்து, கண்டல் தானாக வளர இடம் கொடுக்கும் வேலை நடக்கிறது. நீருக்கு வழி விட்டால் விதையை நீரே கொண்டுவரும். பாதிச் செலவு மிச்சம்.

"இறால் டொலர் கொண்டுவருகிறதே" என்பதும் நியாயமான கேள்வி. பண்ணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே வெட்டிக் கைவிட்ட குளங்கள் கிடக்கும்போது புதிதாக ஏன் கண்டலைத் தொட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 

வெளியுலகத்தில் இருந்து ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஒரிகன் போன்ற மாநிலங்களின் நாட்டுப்புறங்களில் பாதிக்கு மேல் அரச காடாக இருக்கும் மாவட்டங்கள் உண்டு. அரச காணிக்கு வரி அறவிட முடியாது. ஆகவே 1908 முதல் தேசிய காட்டு மர வருமானத்தில் 25 சதவீதம் அந்தப் பகுதியின் பாடசாலைகளுக்கும் வீதிகளுக்கும் போய்ச்சேர வேண்டும் என்பது சட்டம். 1990களில் ஒரு வகை ஆந்தையையும் பழைய காட்டையும் காக்க மரம் வெட்டுவதைக் குறைத்தார்கள். மர ஆலைகள் மூடின, பாடசாலைகளுக்கு வந்த பணம் வற்றியது. 2000 ஆம் ஆண்டு காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு மத்திய அரசின் நிதியில் இருந்து அந்த இழப்பை ஈடுசெய்தது. அது காலாவதியாகி, இழுபட்டு, மீண்டும் புதுப்பிக்கப்பட்டுத்தான் ஓடுகிறது, குறைகள் நிறைய. ஆனால் அடிப்படை எண்ணம் சரி: நாட்டின் நன்மைக்காக ஓர் ஊர் தன் நிலத்தின் பயனை இழந்தால் நாடு அந்த ஊரின் பாடசாலைக்குக் கடன்பட்டிருக்கிறது. கொழும்பின் குப்பையையும் நாட்டின் மின்சாரச் சாம்பலையும் சுமக்கும் புத்தளத்துக்கு அப்படிச் சட்டத்தால் உறுதிசெய்த பங்கு வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் கேட்டார்களா? ஒரு கட்டடம், ஒரு பெயர்ப்பலகை, ஒரு விழா இவற்றைத்தானே நாமும் கேட்டோம்?

இதற்கான சட்ட அடிப்படை நம் நாட்டிலேயே இருக்கிறது. பக்கத்து அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவல பொஸ்பேற் படிவை வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுக்கப் பார்த்தபோது ஊர் விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. இயற்கை வளத்துக்கு அரசு தனி உரிமையாளர் போல நடக்க முடியாது, அது மக்களுக்காகக் காக்கப்பட வேண்டியது என்பது அத்தீர்ப்பின் சாரம். நமது மொழியில் சொன்னால் அமானிதம். அந்த வழக்கைப் போட்டவர்கள் பெரிய ஆட்கள் அல்ல, வயல் செய்த சாதாரண சனங்கள்.

ஆகவே என் கோரிக்கைகள்:

1. கைவிடப்பட்ட இறால் குளங்களில் அரச காணி எவை, யாருடைய குத்தகை, எப்போது முடிந்தது என்ற பட்டியலை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மும்மொழியிலும் ஒட்டுங்கள். காலம் முடிந்த குத்தகையை இரத்துச் செய்யுங்கள். 

2. நீர் ஏறக்கூடிய குளங்களின் வரம்பை உடைத்துக் கண்டலுக்குக் கொடுங்கள். அந்தக் கூலி வேலையை அதே கரை மக்களுக்குக் கொடுங்கள்.

3. ஒரு வர்த்தமானியால் ஏழைக்கு மூடிய இடத்தை இன்னொரு வர்த்தமானியால் முதலீட்டுக்குத் திறக்காதீர்கள்.

4. வலை, பருவம், எல்லை பற்றிய ஒழுங்கை மீனவர் சங்கங்களோடு இருந்து எழுதுங்கள். சங்கத்தில் களப்பில் கூலிக்கு இறங்குபவனுக்கும் மட்டி பொறுக்கும் பெண்ணுக்கும் இடம் இருக்கட்டும். நான்கு இயந்திரத் தோணி வைத்திருப்பவர் மட்டும் மீனவர் அல்ல.

5. அறுவைக்காடும் நுரைச்சோலையும் இருக்கும்வரை மாவட்டத்தின் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வருடாந்தம் ஒரு பங்கு, சட்டமாக.

6. பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு: வருடத்தில் ஒரு ஜும்ஆவிலாவது ஹிமாவைப் பற்றிப் பேசுங்கள். வலை போடுகிறவனுக்கு மட்டும் உபதேசம் செய்யாதீர்கள். அவனுக்கு அந்த வலையை வாங்கிக் கொடுத்து, பிடித்ததை வந்த விலைக்கு எடுக்கும் முதலாளி முதல் ஸஃப்பில் இருக்கிறார். அவருக்கும் கேட்கும்படி பேசுங்கள்.

அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதியும் வேலையும் கேளுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "சேர், களப்பு வாசலில் நீங்கள் நின்றால் யாரை உள்ளே விடுவீர்கள், யாரைத் தடுப்பீர்கள்?" பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பாருங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். ஏசாமல் எழுதுங்கள், என் மாணவர்களும் இதை வாசிப்பார்கள்.

வஸ்ஸலாம்.